பேர் சொல்லுங்கோ, சார்

டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கும் சின்ன எஃப்.எம். நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் தமிழ் ஒலிக்கும். நிகழ்ச்சியை நடத்துபவள் ரோஹிணி. வார நாட்களில் அலிப்பூரில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை. ஞாயிறன்று இந்த ஒரு மணி நேரம். படித்த புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவாள், பாட்டுப் போடுவாள், மிச்ச நேரம் நேயர்கள் போனில் வந்து வீட்டுக் கதை பேசுவார்கள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழுக்குள் அவ்வப்போது வங்காளம் எட்டிப் பார்க்கும். கேட்பவர்கள் வீட்டிலும் அதே கதைதான் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

போன வாரம் லேக் கார்டன்ஸிலிருந்து காமு மாமி பேசினாள். யார் கண்ணிலும் படாத வேலைகளைப் பற்றி அன்றைக்குப் பேச்சு. மாமி சுற்றி வளைக்கவில்லை.

"தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு வர்ற கூட்டத்துக்கெல்லாம் நாங்கதான் சமைக்கறோம். பொன்னாடை என்னமோ வருஷா வருஷம் மேடையில உக்காந்திருக்கறவாளுக்குத்தான். நாங்க கையலம்பிண்டு ஹாலுக்கு வரச்சே நாற்காலியை மடக்கிண்டிருப்பா."

அன்று சாயங்காலமே சங்கத் தலைவர் ராகவேந்திரன் நிலையத்துக்குப் போன் செய்தார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் டிராவல்ஸ் அவர் மகனுடையது. ரோஹிணி மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி போனில் யாரும் பேசக் கூடாது, சமையல் குறிப்பும் சினிமாப் பாட்டும் போதும் என்றார். சங்கத்தைப் பற்றிச் சொன்னது உண்மையல்ல, வருந்துகிறோம் என்று இரண்டு வரி எழுதி வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டார்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்ரதோதா, அதாவது சுப்ரதோ அண்ணா, நல்ல மனிதர், பயந்த சுபாவம். "ரெண்டு வரிதானே ரோஹிணி, படிச்சுடேன்" என்று வங்காளத்தில் கெஞ்சினார்.

சங்கத்துச் சமையல்கட்டில் ரோஹிணியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூசணி நறுக்கியவள்தான். இரண்டு வரியை ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்த வாயால் அப்புறம் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது?

ஞாயிறு வந்தது. புதிதாகப் படித்த ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிப் பேசினாள். வீணை இசை ஒன்று போட்டாள். அது முடிந்ததும் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"போன வாரம் காமு மாமி சொன்னது தப்புன்னு படிக்கச் சொல்லி எனக்கு ரெண்டு வரி வந்திருக்கு. நான் படிக்கப் போறதில்லை. மாமி சொன்னது நிஜம். நானும் அங்க நின்னிருக்கேன். இல்லைங்கறவா கூப்பிடலாம்."

கண்ணாடிக்கு அப்பால் சுப்ரதோதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டு வரி இருந்த மொபைலை அவள் தொடாததைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

முதல் அழைப்பே ராகவேந்திரன். "ரோஹிணி, உங்கப்பா எப்பேர்ப்பட்ட மனுஷர். நீ இப்படிப் பண்ணலாமா?"

"நமஸ்காரம் சார். இது நேரலையில போயிண்டிருக்கு."

"போகட்டும். மகளிர் அணிக்கு நாங்க என்ன குறை வெச்சோம்? நன்றியுரையில வருஷம் தவறாம நன்றி சொல்றோமே."

"மகளிர் அணின்னா யார் சார்?"

"இதென்ன கேள்வி. நம்மாத்துப் பொம்மனாட்டிகள்தான்."

"பேர் சொல்லுங்கோ, சார். போன வருஷம் அடுப்படியில நின்னவா. ஒரு நாலு பேர் போறும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. வானொலியில் மௌனத்தைப் போலப் பெரிய குற்றம் கிடையாது. பாட்டைப் போடு என்று சுப்ரதோதா கண்ணாடியைத் தட்டினார். பொத்தான் மேல் போன விரலை ரோஹிணி எடுத்துவிட்டாள். காத்திருந்தாள்.

"ராஜலக்ஷ்மி" என்றார் கடைசியில்.

"அது உங்காத்து மாமி. அப்புறம்?"

இணைப்பு அறுந்தது.

அதற்கப்புறம் போன் ஓயவில்லை. ஒருத்தி, "நான் விஜயலக்ஷ்மி, பாயசம் என்னோடது" என்று மட்டும் சொல்லி வைத்தாள். ஜெய்ராம் என்பவர், தான் கமிட்டியில் இருந்தும் ஒரு பெயர்கூடத் தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது என்றார். முடிகிற நேரத்தில் ஒரு தணிந்த குரல் வந்தது.

"ராஜலக்ஷ்மி பேசறேன். என் பேரை அவர் சொன்னார். முழங்கால் வலி, நான் அடுப்படிப் பக்கமே போனதில்லை. காமுவும் மத்தவாளும்தான் நின்னா. அதைத் திருத்திடு."

"திருத்திட்டேன் மாமி" என்றாள் ரோஹிணி.

விளம்பரம் நின்றது. நிகழ்ச்சி அரை மணியாகச் சுருங்கி, ஆள் எழுந்திருக்காத காலை ஆறரைக்குப் போனது. போன் வேண்டாமே என்றார் சுப்ரதோதா. போன் இல்லையென்றால் தானும் இல்லை என்றாள் ரோஹிணி. அவர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

அந்த வருஷ விழாவில் ஒரு பெண்ணும் சமையல்கட்டுக்குள் நுழையவில்லை. வெளியிலிருந்து சாப்பாடு வந்தது. காமு மாமி பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையைப் போட்டு ரோஹிணிக்கு இடம் பிடித்திருந்தாள். மேடையிலிருந்து ராகவேந்திரன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பந்தியில் உட்கார்ந்ததும், "ரசத்துல உப்பே இல்லை" என்றாள் மாமி, இலையிலிருந்து நிமிர்ந்து. "நன்னா இருக்கு. இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு."