தண்ணி போடறவரு

எங்க ஊட்டுக்காரரு நல்லான் பீடிகூடத் தொட்டதில்லீங்க. அப்படியாப்பட்ட மனுசன் தொண்ணூத்தி மூணுல, வேலம்பாளையத்து பனியன் பிரிண்டிங் கம்பெனியிலிருந்து தெனமும் தள்ளாடிக்கிட்டு வந்தா ஊரு சும்மா இருக்குமா? ஒருநாள் பக்கத்து ஊட்டுக்குள்ள போயி சோத்துக்கு உக்காந்துட்டாரு. அந்தம்மா பாவம், போட்டிருக்கா. தின்னுபோட்டு, அவளை நான்னு நெனச்சு எம் பேரைச் சொல்லி, "இன்னிக்குத்தான் முத்தாத்தா கொழம்பு நல்லா வெச்சிருக்கறே"ன்னாராம். வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்.

எங்க அண்ணன் சுப்பண்ணன் தாராபுரத்திலிருந்து வந்துருச்சு. "குடிகாரனோட பொழைச்சது போதும், கெளம்பு"ன்னுச்சு. "டாக்டரு வாயால குடிதான்னு சொல்லட்டும், வந்தர்றேன்"னேன். மூணு பேரும் கோயமுத்தூரு போனோம்.

டாக்டரம்மா, "தண்ணி போடுவீங்களா?"ன்னாங்க.

"போடுவனுங்க. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்"னாரு இவரு, பெருமையா.

அண்ணன் என்னைய ஒரு பார்வை பாத்துச்சு.

"அவ்வளவு தண்ணி ஏதுங்க?"ன்னாங்க டாக்டரம்மா.

"ஓனரே கேன் கேனா வாங்கித் தருவாருங்க. ரூமுக்கு ஜன்னலே வெக்கல. காத்துப்பட்டா தண்ணி ஆவியாப் போயிருமுங்களே."

டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "குடிக்கறீங்களா இல்லையா?"

"அதைப் போயி குடிப்பாங்களா? ஸ்க்ரீன்ல ஒட்டுன சாயம் போகத் துணியில ஊத்தித் தொடைக்கறதுங்க."

பெயிண்டு கரைக்கற தின்னரைத்தான் அந்தக் கம்பெனியில தண்ணிங்கறாங்க. எனக்கே அப்பத்தான் தெரியும்.

அப்புறம் மாம்பழம், குடை, பூட்டுன்னு சொல்லி, ஞாபகம் வெச்சுக்கச் சொன்னாங்க. கொஞ்ச நேரங்கழிச்சுக் கேட்டா, இவரு முழிக்கறாரு. "மாம்பழமுங்க"ன்னு அண்ணன் முந்திக்கிச்சு. "உங்களைக் கேக்கல"ன்னுட்டாங்க. இன்னும் என்னென்னவோ சோதிச்சாங்க. கம்பெனி லீவு உட்டா தெளிவா இருக்கறாரான்னு என்னைய கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தா, தீவாளி லீவுல மனுசன் நல்லாத்தான் இருந்தாரு.

"அந்த ஆவிதான் மூளையைக் கெடுத்திருக்குது. இனி அந்த ரூமுக்குப் போகவே கூடாது. ஞாபகம் போனதுல எவ்வளவு திரும்பி வருமுன்னு சொல்ல முடியாது"ன்னாங்க.

"அப்ப குடி இல்லைங்களா?"ன்னு அண்ணன் சந்தோசமா எந்திரிச்சுருச்சு. வெளிய வந்து போண்டா வாங்கித் தருது. எம் பங்கையும் இவருகிட்டயே குடுத்துட்டேன். குடியா இருந்திருந்தா வெளக்கமாத்த எடுத்தாவது நிறுத்தியிருப்பனுங்க. இதை எதை வெச்சு அடிக்கறது?

பஸ்ஸுல இவரு, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"ன்னாரு.

"நீங்க குடிக்கறதில்லையாமா."

"அதத்தான நானும் சொல்லிட்டிருக்கறேன்"னு அப்படியொரு சிரிப்பு.

அவிநாசி வர்றதுக்குள்ள மறுக்கா கேட்டாரு. மறுக்காவும் சொன்னேன். அதே சிரிப்புங்க.