தீவிலிருந்து அழைத்து வந்த பெண்

மொசாம்பிக் எல்லையை ஒட்டிய எங்கள் சில்வா ஏரி பாதி வற்றிய வருடம் அது. மீனும் இல்லை, சோளமும் விளையவில்லை. எங்கள் பள்ளிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டு நின்றார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வருவது எங்கள் தாய்மார் குழுவின் வேலை.

எட்டாம் வகுப்பு எனெலேசியை அவள் அப்பா தீவிலிருந்த மீன் வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். தெரிந்ததுமே நானும் குழுத்தலைவி ஃபலேசியும் கிளம்பினோம். படகு சேற்றில் சிக்கியது. மிச்ச தூரம் முழங்கால் சேற்றில் நடந்தோம்.

எங்களைக் கண்டதும் எனெலேசி அடுப்பில் கிடந்த களியை அப்படியே விட்டு எழுந்து வந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க. அவ அப்பன் தின்ன என் சோளத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றான் அந்த வியாபாரி.

"போலீஸ்ல போய்க் கேளு. சின்னப் பொண்ணக் கட்டினதையும் சேர்த்துச் சொல்லு," என்றாள் ஃபலேசி.

அவள் பள்ளிக்குத் திரும்பிய அன்று வகுப்பில் பையன்கள், "மீன்காரம்மா வந்தாச்சு!" என்று கத்தினார்கள்.

"ஆமாடா, கணக்குப் பரீட்சையில உன்னைக் கருவாடாக்கறேன் பாரு," என்றாள் எனெலேசி. வகுப்பே சிரித்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. வீட்டுக்கு ஓடினோம். அவள் அம்மா வெறும் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து அந்த ஆளு வந்தான்க்கா. சோளத்தைக் கொடு, இல்ல பொண்ணக் கொடுன்னான். இவரு சின்னவ லுத்தியாவைக் கூப்பிட்டாரு."

லுத்தியா ஐந்தாம் வகுப்பு.

"நீ என்ன பண்ணின?" என்று கேட்டாள் ஃபலேசி.

"நான் வாயே திறக்கலக்கா. பெரியவதான் எழுந்திரிச்சா. அவளை விடுங்க, எனக்குப் பழகிப்போச்சுன்னு சொல்லிட்டு அவன்கூடப் போயிட்டா."

ஃபலேசி அவளைத் திட்டவில்லை. உள்ளே போய் லுத்தியாவின் துணிகளை மூட்டை கட்டி, தன் வீட்டுக்கே அழைத்துப் போனாள். அப்பா வாசலில் நின்றார். தடுக்கவில்லை, எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாளே போலீஸ்காரர் ஒருவரோடு தீவுக்குப் போனோம். குடிசை காலி. இருவரும் அக்கரைக்கு, மொசாம்பிக் பக்கம் போய்விட்டதாக அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் சொன்னார்கள். எல்லை தாண்டித் தனக்கு அதிகாரமில்லை என்று போலீஸ்காரர் திரும்பிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் படகுக்காரர்களிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

லுத்தியா தினமும் பள்ளிக்கு வருகிறாள். யாரோடும் பேசுவதில்லை.