நாற்பது நிமிட அனுமதி

அப்பாவின் வலது கட்டைவிரலில் இருந்த கறுப்பு, சோப்புத் துணியால் மூன்றாவது முறை துடைத்தும் போகவில்லை. பித்தளைத் தூளும் எண்ணெயும் நாற்பது வருடமாக ஊறிய கறுப்பு. உயிரோடு இருந்தபோதே போகாதது இப்போது மட்டும் போய்விடுமா என்ன. பெரியவள் துணியை வாளிக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். முழங்கால் கடுத்தது. நேற்றுக் காலையில் அப்பா பட்டறை மேஜைமேல் தலை சாய்த்ததிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவே இல்லை.

"விடு பாப்பா, போதும்," என்றார் மாமா. அம்மாவின் தம்பி. அம்மா போன பிறகும் இந்த வீட்டில் எது நடந்தாலும் முன்னால் வந்து நிற்கிற ஒரே மனிதர். செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கறதுக்கு நாலு பேர் வேணும். நான் ஒண்ணு, காயலான் கடைக்காரர் ஒண்ணு, வண்டி டிரைவர் ஒண்ணு. இந்தக் கட்டடத்துல இருபத்திரெண்டு வீடு. ஒரு ஆம்பள கூடவா கெடைக்க மாட்டான்?"

"மேல் வீட்டு சாரக் கேட்டீங்களா?"

"முதுகுவலியாம்."

"எப்பலேருந்து?"

"ஆறு வருஷமா இருக்கும்," என்றார் மாமா. இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கத்தான் தெம்பு இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால்தான் அவள் தம்பி சின்னவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று. கூடவே நான்கு பேர். வேற்று மதத்தவரின் பிரார்த்தனைக் கூடத்தில், கூட்டம் நிரம்பி வழியும் நாளில் வெடிக்க வேண்டியது வெடிக்கவில்லை. அதுதான் சிக்கலாகிவிட்டது. வெடித்திருந்தால் ஊருக்கு ஒரே கதை இருந்திருக்கும். வெடிக்காததால் ஆளுக்கொரு கதை. தங்கள் கூடத்துக்காரர்களில் பாதிப் பேர், குண்டே கிடையாது, எல்லாம் ஜோடிப்பு என்றார்கள். மீதிப் பேர், போலீசுக்குச் சொல்லிப் பெற்ற பிள்ளையையே காட்டிக்கொடுத்த அப்பன் முகத்தில் விழிக்கக்கூடாது என்றார்கள். அந்தப் பக்கத்தில், வீட்டுக்குள் இருந்தது அப்பனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து கடைசி நேரத்தில் சொல்லியிருப்பான் என்றார்கள். எந்தப் பக்கம் போனாலும் அப்பாவுக்கு அடிதான்.

பூட்டுத் தொழில் நம்பிக்கைத் தொழில். அப்படிப்பட்டவனின் அப்பாவிடம் வீட்டுச் சாவியை யார் கொடுப்பார்கள்? ஒன்றரை மாதம் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஷட்டரை இறக்கினார். அதன்பிறகு காயலான் கடைக்காரர் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து போடும் சாவியில்லாப் பூட்டுகளுக்கு வீட்டில் உட்கார்ந்து சாவி வெட்டினார். யார் வீட்டுக் கதவிலும் இல்லாத பூட்டுகள். ஒருமுறை ஏதோ நல்லிணக்கக் குழு என்று நான்கு பேர் வந்து, மேடையேற்றிப் பாராட்ட வேண்டும், பள்ளிக்கூடங்களில் வந்து பேச வேண்டும் என்றார்கள். "என்னன்னு பேசறது? பெத்தேன், வளத்தேன், புடிச்சுக் குடுத்தேன்னா?" என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த முதல் வருட மழையில் ஒரு நாள், ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் தெருமுனையில் அவர் வலது தோளில் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டுப் போனார்கள். எலும்பு கூடியது. கை மட்டும் காதுக்கு மேல் எழவில்லை. தினமும் காலையில் சட்டை மாட்டிவிடுவது பெரியவளின் வேலையானது. ஒவ்வொரு காலையும், அந்தக் கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போதெல்லாம், இது என் அடி என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஏனென்றால் போலீசுக்குச் சொன்னது அப்பா இல்லை. அவள்தான்.

மொட்டைமாடி அறையில் சின்னவனின் தகரப்பெட்டியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அதுதான் அவளை உறுத்தியது. வீட்டில் நூறு பூட்டு கிடக்க, பூட்டுக்காரர் மகன் வேறு கடையில் காசு கொடுத்துப் பூட்டு வாங்குவானா? அப்பா கடைக்குப் போனபின் பூட்டுத் திறக்கிற அவருடைய பழைய கம்பிகளை எடுத்துக்கொண்டு மேலே போனாள். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் கடையில் உட்கார்ந்து இரண்டு பேருமே அரைகுறையாகப் பழகிய வேலை. முக்கால் மணி நேரம் ஆனது. கம்பி வழுக்கி வழுக்கி விரல் கிழிந்தது. உள்ளே ஆணிப் பொட்டலங்கள், ஒயர்கள், அந்தப் பிரார்த்தனைக் கூடத்தின் வாசல்களைக் குறித்த ஒரு தாள். எந்த வாசலில் குழந்தைகள் அதிகம் வருவார்கள் என்றுகூட அதில் எழுதியிருந்தது. அவன் கையெழுத்துதான். போன் செய்தாள். பெயர் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது அவர் அவளுடைய கிழிந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நான்தான் தொறந்தேன், நான்தான் சொன்னேன். இனிமே யார் கேட்டாலும் இதான். பூட்டுக்காரன்னா நம்புவாங்க," என்றார். நம்பினார்கள். போலீசுக்கும் தகப்பனே சொன்னான் என்பது வசதியாக இருந்தது. கோர்ட்டிலும் அதையே சொன்னார். சின்னவன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாட்சிப் பொருட்கள் வைத்திருந்த மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு அப்பா மாதம் தவறாமல் சிறைக்குப் போனார். மூன்று மணி நேர பஸ். மனு கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருப்பார். கைதி பார்க்க விரும்பவில்லை என்று பதில் வரும். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "இன்னிக்கும் வரல," என்பார். "நான் போய்ச் சொல்லிடறேம்பா, என்னால முடியல," என்று அவள் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள். "நான் செத்தப்புறம் சொல்லிக்கோ," என்று விளையாட்டாகச் சொல்வார்.

செத்துப்போய்விட்டார். இப்போது மகன் வரப்போகிறான், நாற்பது நிமிட அனுமதியில்.

ஜீப் பத்தே முக்காலுக்கு வந்தது. சாவுக்குத் திறக்காத கதவுகள் ஜீப்புக்குத் திறந்தன. முதுகுவலிக்காரர் கூட மாடிப்படி வளைவில் நன்றாகவே குனிந்து எட்டிப் பார்த்தார்.

முதலில் மீசை நரைத்த அதிகாரி ஒருவர், பின்னால் சின்னவன், அவன் கைவிலங்கின் சங்கிலியைப் பிடித்தபடி தடித்த காவலர் ஒருவர். சின்னவனுக்கு இருபத்தொன்பது வயதுக்குள் முன்மண்டை ஏறிவிட்டிருந்தது. அதிகாரி அப்பாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்குக் கெளம்பிடணும்மா. என் கையில ஒண்ணும் இல்ல, ஆர்டர் அப்படி."

"சரி சார்."

சின்னவன் சுவரோரமாக நின்றான். அப்பா கிடந்த பக்கம் பார்க்கவில்லை. பட்டறை மேஜையையும் அதன்மேல் பாதி வெட்டி நின்ற சாவியையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்துல போப்பா," என்றார் மாமா.

அவன் நகரவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. காயலான் கடைக்காரர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "உன் அப்பாடா அது. ஊரையே கொல்லப் பாத்த, அது பாவமில்ல. அதத் தடுத்தாரு, அது மட்டும் பாவமா? ஆறு வருஷம் அந்த மனுஷன் நாய் மாதிரி வந்து வாசல்ல உக்காந்தாரே, ஒரு நாள் மூஞ்சி காட்டினியா? செத்தப்புறமாவது பாரேண்டா."

சின்னவன் தலை குனிந்தான். பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அனுமதியில் பாதி முடிந்திருந்தது. இவன் இப்படியே திரும்பிப் போய்விட்டால் அப்பா அந்தப் பொய்யோடேயே போய்விடுவார். சொல்லவோ பயமாக இருந்தது. சொன்னால் இந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே உறவும் இன்றோடு முடிந்துவிடும். அடுத்த கம்பி அவள் தோளுக்கு வரும்.

"சார், சமையல்கட்டுல ரெண்டு நிமிஷம் தனியாப் பேசிக்கலாமா?"

அதிகாரி யோசித்தார். "அங்க வேற வழி இருக்கா?"

"இல்ல சார். ஜன்னல்ல கம்பி இருக்கு."

"கதவத் தொறந்தே வெச்சுக்குங்க," என்றார்.

தடித்த காவலர் சமையல்கட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சங்கிலி அவர் கையிலிருந்து உள்ளே நீண்டிருந்தது. பெரியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆறு வருடமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அப்பா சொல்லலடா. போன் பண்ணது நான். பூட்டத் தொறந்ததும் நான்தான்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தான்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"கோர்ட்டு மேஜைல அந்தப் பூட்ட வெச்சிருந்தாங்கல்ல. சாவி ஓட்டையச் சுத்திக் கோழி கெளறின மாதிரி கீறல். அப்பா தொறந்தா கீறல் விழுமா? நாம ரெண்டு பேரும்தான் அப்படிக் கீறுவோம். நான் கீறல," என்றான்.

அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை, கோபம். "தெரிஞ்சுமாடா அவரப் பாக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பின? மாசாமாசம்? அந்தக் கையோட பஸ்ல கம்பியப் புடிச்சு நிக்க முடியாதுடா அவரால."

"பாத்தா என்ன சொல்லுவாரு? நான்தான் சொன்னேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. நானும் நம்பற மாதிரி உக்காந்திருக்கணும்." அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "வக்கீல் அப்பாகிட்ட எத்தன தடவ கெஞ்சினாரு தெரியுமாக்கா? சின்னப் பையன், எவனோ கெடுத்துட்டான், வீட்டுல நல்லாத்தான் இருந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. என் வாயில பொய் வராதுன்னுட்டாரு. உனக்காக மட்டும் வந்துச்சுல்ல."

பலகாரத்தில் பெரிய துண்டு யாருக்கு என்று அடித்துக்கொண்ட வயதில் இருந்த அதே குரல். அவன் எழுதி வைத்திருந்த தாளில் குழந்தைகள் வரும் வாசல் இருந்தது. அதை இவனிடம் கேட்க வேண்டும் என்று எத்தனை ராத்திரி நினைத்திருக்கிறாள். ஆனால் வாயில் வந்தது வேறு. வந்ததும் வெட்கமாக இருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா? நான்தான்னு?"

அவன் விலங்குக்கு அடியில் மணிக்கட்டைத் தேய்த்தான். "ஜெயில்ல கூட இருக்கற அண்ணனுங்க கேட்டாங்க. வெளியில இருக்கறவங்களுக்குப் பேர் சொல்லி அனுப்பணும்னாங்க. கோர்ட்ல சொன்னது நெஜமா, இல்ல வீட்டுல வேற யாரையாவது காப்பாத்தறாரா உங்கப்பான்னு."

"நீ என்ன சொன்ன?"

"அப்பாதான்னேன்."

"எப்ப?"

"முதல் வருஷம். மழைக்கு முன்னாடி."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் பேரச் சொல்லித்தான் ஆகணும்கா," என்றான்.

வெளியே மாமா போனில் யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது ஆள் கிடைத்துவிட்டான் போலிருக்கிறது. தம்பியைக் கட்டிக்கொள்வதா, கன்னத்தில் அறைவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்குமே கை எழவில்லை. பெற்றவரும் கூடப் பிறந்தவனும் ஆளுக்கொரு பக்கமாக நின்று அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். மகன் சொன்னது மட்டும் அப்பாவுக்குத் தெரியாமலேயே போய்விட்டது.

"இன்னும் பத்து நிமிஷம்தாம்மா," என்று அதிகாரி கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"தண்ணி இருக்கா?" என்றான் சின்னவன்.

டம்ளரை நீட்டினாள். அவன் கையை உயர்த்தினான், சங்கிலி எட்டவில்லை. அவளே வாயருகில் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தான். மோவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். இன்னொரு டம்ளர் கேட்டான், கொடுத்தாள்.

"போலாம்கா," என்றான். பிறகு, "நீயும் வா. தனியா எனக்கு முடியாது."

கூடத்தில் மாமா ஒதுங்கி வழிவிட்டார். அப்பாவின் தலைமாட்டில் பெரியவள் உட்கார்ந்தாள். சின்னவன் பக்கத்தில் முழங்காலை மடக்கப் போனவன் பாதியில் நின்றுவிட்டான். சங்கிலி குட்டை. காவலரும் உட்கார்ந்தால்தான் அவன் உட்கார முடியும்.

தடித்த காவலர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். காவலர் தரையைப் பார்த்தார், தன் கனத்த ஷூவைப் பார்த்தார். பிறகு சங்கிலியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்கக் குனிந்து, வலது கையால் ஷூ கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். சின்னவன் பாதி குனிந்த நிலையிலேயே, சங்கிலி இழுபடாமல் கையை நீட்டிக்கொண்டு, காத்திருந்தான்.