பதினோரு மில்லிமீட்டர்

உலகத்தில் இனிமேல் எதையும் கடையில் போய் வாங்க வேண்டியதில்லை என்று அத்தான் அறிவித்து எட்டு மாதம் ஆகிறது. த்ரீடி பிரிண்டர் வீட்டுக்கு வந்த நாள் அது. பிளாஸ்டிக் இழையை உருக்கி, கோலப்பொடி போலக் கோடு கோடாக விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கேட்ட பொருளைச் செய்துவிடும். இந்த எட்டு மாதத்தில் அது செய்தவை: சாவி மாட்ட ஒரு கொக்கி, அந்தக் கொக்கி விழுந்தபின் இன்னொரு கொக்கி, கழுத்தை ஆட்டும் ஒரு டைனோசர்.

அக்கா வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறாள். நான் இரவு வேலையை விட்டு நின்றதிலிருந்து அங்கே எனக்குச் சட்டை மடிக்கும் பதவி. பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தொண்ணூறு சீருடைச் சட்டைகள் திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். தப்பினால் அடுத்த வருட ஆர்டர் கிடையாது. அந்த ஆர்டர்தான் வீட்டில் பாதி வருடம் அடுப்பை எரிய வைக்கிறது. எல்லாம் தைத்தாகிவிட்டது, பட்டன் நுழையும் துளைக்கு நூல் கட்டும் காஜா மட்டும் பாக்கி. சட்டைக்கு ஆறு காஜா. வியாழக்கிழமை காலை காஜா மெஷினில் பல்சக்கரம் இரண்டாக உடைந்துபோனது.

"புதுசு வர பத்து நாள் ஆகுமாம்" என்றாள் அக்கா, போனை வைத்துவிட்டு. "பக்கத்துல யார்கிட்டயும் இந்த மெஷின் இல்ல."

அத்தான் அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னார். "பத்து நாளா? சாயங்காலம் வாங்கிக்க."

உடைந்த சக்கரத்தை ஒட்டவைத்து, ஒவ்வொரு பல்லாக வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். தங்கம் நிறுப்பவர்கூட அவ்வளவு மூச்சடக்கியிருக்க மாட்டார். ஐந்து மணி நேரத்தில் ஆரஞ்சு நிறச் சக்கரம் வந்தது. அக்கா மாட்டினாள். மெஷின் மூன்று தையல் போட்டு ஒன்றைத் தாண்டியது.

அக்கா சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஏங்க, இந்தப் பல்லெல்லாம் ஏன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?"

"பழசுல அப்படித்தான் இருந்துச்சு. அச்சு அசல்."

"பழசு ஆறு வருஷம் ஓடித் தேஞ்சதுங்க."

தேய்மானத்தை இவ்வளவு துல்லியமாகப் புத்தம்புதிதாகச் செய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது சக்கரத்தை அத்தான் பல் நிமிர்த்தி வரைந்தார். படுக்கவைத்துப் பிரிண்ட் அடித்தால் அடிப்பக்கம் சொரசொரப்பாகிவிடுமாம், அழகு கெட்டுவிடுமாம். நிற்கவைத்து அடித்தார். மெஷினுக்குள் மூடி போட்டு ஒளித்து வைக்கும் சாமானுக்கு அழகு. வெள்ளிக்கிழமை மதியம் அது பதினெட்டுச் சட்டை ஓடி, அடுக்குக்கு அடுக்கு பிரிந்துகொண்டது. வெங்காயம்கூட உரிக்கும்போது இன்னும் கொஞ்சம் எதிர்ப்பு காட்டும்.

"அடுக்குக்குக் குறுக்கே பலம் கம்மி, மச்சான்" என்று எனக்கு விளக்கினார், தானே கண்டுபிடித்ததுபோல.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா அத்தான்?"

"ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்."

மூன்றாவது படுத்தபடி வந்தது. சொரசொரப்பாக, நேர்மையாக. சனிக்கிழமை காலை நாற்பது சட்டை ஒரே மூச்சில் போனது. அத்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அக்காவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அப்போதுதான் மெஷின் முனகத் தொடங்கியது. சக்கரம் இருப்பது சூடேறும் மோட்டாருக்கு ஒட்டினாற்போல. மூடியைத் திறந்தால், யாரோ மென்று துப்பிய பபிள்கம் போலப் பற்கள் அச்சில் அப்பிக் கிடந்தன.

"உருக்கிச் செஞ்சது உருகத்தானே செய்யும்" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. முப்பத்திரண்டு சட்டை பாக்கி.

அத்தான் நான்காவதைத் தொடங்கினார். பிரிண்டர் அரை மணி நேரம் காற்றில் எதையோ வரைந்துகொண்டிருந்தது. மேசையில் ஒன்றுமில்லை. உருகிய இழை வெளியே வரும் பித்தளை முனை அடைத்துக்கொண்டிருந்தது. ஊசி விட்டார், சூடாக்கினார், குறடால் திருகினார். முனை உடைந்து கையோடு வந்தது.

"அத அடிச்சுக்க முடியாதா?" என்று அக்கா கேட்டாள்.

"அது பித்தளை. ஆர்டர்தான் போடணும்."

"எத்தனை நாள்?"

அத்தான் போனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "பத்து."

அக்கா ஊசிப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தாள். "காஜாவக் கையால எடுக்கணும். இருபத்திரண்டு எனக்கு, பத்து உங்களுக்கு. அவன் பட்டன் வைக்கட்டும், அயர்ன் பண்ணட்டும்."

"நானா?"

"ஒரு நூல் பக்கத்துல இன்னொரு நூல், அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. கோடு கோடா. உங்களுக்குப் புதுசா என்ன?"

ஞாயிறு முழுக்க அத்தான் குனிந்த தலை நிமிரவில்லை. விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நூல் ஒரே சீராக விழுந்தது. ஒவ்வொரு காஜாவையும் வெர்னியர் வைத்துச் சரிபார்த்தார். பெருமை தாங்காமல் தன் பத்துச் சட்டைகளையும் மூட்டையில் மேலாக அடுக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பள்ளி அலுவலகத்தில் நிர்வாகி அம்மா மூட்டையைப் பிரித்தார். மேலே இருந்த சட்டையை எடுத்தார். முதல் பட்டனைக் காஜாவில் நுழைத்தார். நுழையவில்லை. இரண்டாவதும். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்திப் பார்த்தார்.

"புள்ளைங்க எப்படிம்மா போடும் இத?"

அக்கா அடியிலிருந்து ஒரு சட்டையை உருவிக் கொடுத்தாள். அதில் பட்டன் வழுக்கிக்கொண்டு போனது. நிர்வாகி அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பத்தைத் தனியே வைத்தார்.

"எம்பதை எடுத்துக்கறேன். இது பத்தும் நாளைக்குக் காலைல வரணும். அடுத்த வருஷத்தப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சட்டையைப் பிடுங்கி அளந்தார். "பட்டன் பதினோரு மில்லி. காஜா பதினோரு மில்லி. ஒரு முடி அளவுகூடத் தப்பில்லையே."

அக்கா பிளேடை எடுத்தாள். அவருடைய சீரான நூலை முதல் காஜாவிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

"உங்க மேல தப்பில்லைங்க. பட்டனுக்குத்தான் தடிப்பு இருக்கு, அதுக்கும் சேத்து எடம் விடணும். நூலைக் கோத்துக் குடுத்துட்டு அந்தப் பக்கமா உக்காருங்க."

அத்தான் கோத்துக் கொடுத்தார். அதில் மட்டும் அளவு எதுவும் தேவைப்படவில்லை.