செவலைக்கு எத்தனை புள்ளி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். 2001இல் இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மாட்டுக்கும் மனிதருக்கும் உள்ள பிணைப்பை அளக்கப் போன நாட்களில் என் காது ஆறவே இல்லை.

நான் சிவகௌரி, யாழ்ப்பாணத்தவள். நோர்வூட்டில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட விடுமுறையில் செந்தூரன் என்ற ஆய்வாளர் கொழும்பிலிருந்து தேடி வந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஆங்கிலக் கேள்விக்கொத்து ஒன்றைத் தமிழாக்க வேண்டும், பிறகு தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் அதைக் கேட்டு நிரப்பவும் வேண்டும் என்றார்.

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மாடுகள் தேயிலைக்குள் இறங்குகின்றன என்று, லயங்களுக்குப் பின்னால் இருந்த மாட்டுப்பட்டிகளையெல்லாம் உடைக்கச் சொல்லியிருந்தார் தோட்டத்துத் துரை. செந்தூரனின் நிறுவனம் அவரோடு பேசி, ஒரு டிவிசனுக்கு மட்டும் பொதுப் பட்டி கட்டவும் புல் வளர்க்க நிலம் ஒதுக்கவும் சம்மதம் வாங்கியிருந்தது. மேல் டிவிசனா, கீழ் டிவிசனா? எங்கே மாட்டின் மேல் பிணைப்பு அதிகம் என்று கேள்விக்கொத்து காட்டுகிறதோ அங்கே பட்டி. மற்றவர்கள் மாட்டை விற்றுவிட வேண்டும்.

கீழ் டிவிசனில் அநேகமாக எல்லா வீட்டிலும் மாடு நின்றது. மேல் டிவிசனிலோ முந்தின வருஷம் நோய் வந்து மாடுகள் வரிசையாகச் செத்துப்போயிருந்தன. மாடு இல்லாதவர்கள் முன்பு வளர்த்த மாட்டை நினைத்துப் பதில் சொல்லலாம் என்று விதி. இதில் அளக்க என்ன கிடக்கிறது, பட்டி கீழ் டிவிசனுக்குத்தான் என்று நான் நினைத்தேன்.

மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. நான் தமிழாக்கியதை இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. செந்தூரனுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் ஒப்பவில்லை. சோபாவில் நாயை மடியில் வைத்துக்கொண்டு யாரோ எழுதிய கேள்விகள் அவை.

"இது சரிவராது," என்றேன். "பால்மாட்டைப் பற்றி வெளியாளிட்டை ஆர் வாய்விட்டுப் புகழுவினம்? கண்ணூறு படும் எண்டு பயப்பிடுவினம். எங்கட அம்மாவே பசு கண்டுக்குட்டி போட்டால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லமாட்டா."

"உலகம் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டால்தானே ஒப்பிடலாம், டீச்சர்," என்றார் அவர். "நீங்கள் ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம். வாசியுங்கோ. சொன்னதை எழுதுங்கோ."

அந்த அமைதியான குரலைக் கேட்டதும் காது சுட்டது.

கீழ் டிவிசனில் சண்முகவடிவு வீட்டுக்கு நான் போனபோது அவள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மானாப்புல் கட்டோடு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். புருஷன் போன பிறகு அவளும் ஒரு பசுவும்தான். பசுவின் பெயர் செவலை. அவள் குரல் கேட்டதுமே அது பட்டிக்குள்ளிருந்து கத்தியது. தேத்தண்ணி குடிக்கும் முன்னால் அதற்குப் புல்லை உதறிப் போட்டாள். என்னைக் கண்டதும் வாசலில் இருந்த பால் செம்பைச் சேலைத் தலைப்பால் மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

சிறிதிலிருந்து பெரிதாக ஐந்து வட்டம் போட்ட அட்டையை நீட்டினேன். பாசம் எவ்வளவோ அந்த அளவு வட்டத்தைத் தொட வேண்டும்.

"உங்கள் விலங்கை நீங்கள் நேசிக்கிறீர்களா?"

"இந்தச் சனியனையா? நேசமாவது ஒண்ணாவது! திங்கிறதுதான் மிச்சம், பாலே கெடையாது. சின்ன வட்டத்துல போடுங்க டீச்சர்."

சொல்லிக்கொண்டே செவலையின் தாடையைச் சொறிந்து கொடுத்தாள். அது கண்ணை மூடி அவள் தோளில் தலையைச் சாய்த்தது.

"அதனுடன் பேசுவீர்களா?"

"இதுகிட்ட என்னாங்க பேச்சு? ஏசுறதோட சரி."

எல்லாவற்றுக்கும் சின்ன வட்டம். கடைசிக் கேள்வியை வாசிக்க எனக்கே நாக்கு கூசியது. விதி விதிதானே என்று வாசித்தேன்.

"உங்கள் விலங்கு இறந்துபோனால் எவ்வளவு துயரப்படுவீர்கள்?"

சொறிந்துகொண்டிருந்த கை நின்றது.

"வாயக் கழுவுங்க டீச்சர்! வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?"

உள்ளே ஓடிப்போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து செவலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடிக்கு நான்தான் இருமினேன். பதில் இல்லையென்றால் அந்தக் கேள்விக்குப் பூச்சியம்.

எனக்குப் பொறுக்கவில்லை. விதியாவது மண்ணாவது என்று சொல்லிவிட்டேன். "அக்கா, இந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் பட்டி குடுக்கப் போகினம். இல்லாட்டி செவலையை விக்க வேண்டி வரும். மனசில உள்ளதைச் சொல்லுங்கோவன்."

அவள் அடுப்பைக் கிளறிவிட்டுத் திரும்பினாள்.

"வெளங்குதுங்க டீச்சர். ஆனா நான் வாயால சொல்லி, அதுக்கு ஒண்ணு ஆயிட்டா? அப்புறம் பட்டிய வச்சுக்கிட்டு நான் என்னா செய்றது?"

கீழ் டிவிசன் முழுக்க இதே கதை. சனியன், எழவு, தெண்டம். மாடு கொழுகொழுவென்று நிற்க நிற்க ஏச்சும் கூடிக்கொண்டே போனது.

மேல் டிவிசனுக்குப் போனேன். இராமையாவின் மாடு செத்து எட்டு மாதம். காலிப் பட்டியில் விறகு அடுக்கியிருந்தார். முதல் கேள்வியிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம் புள்ள மாதிரிங்க அது. அது போனப்பறம் அந்தப் பக்கம் நான் திரும்பியே பாக்குறதில்ல." விரல் பெரிய வட்டத்தை விட்டு நகரவில்லை.

அங்கே எல்லோருக்கும் பெரிய வட்டந்தான். செத்த மாட்டுக்கு எந்தக் கண் பட்டு என்ன ஆகப்போகிறது? அவர்கள் துக்கத்தில் பொய் இல்லை. அதனால் அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் செந்தூரன் மேல் டிவிசனுக்கே பட்டி என்றார். நான் மேசையில் ஓங்கி அடித்தேன்.

"அங்கை மாடே இல்லை! மாடு வைச்சிருக்கிற சனம் பயத்தில பொத்திப் பொத்திப் பேசுது. ஒரு நாள் வந்து, அதுகள் மாட்டோடை நிக்கிறதைப் பாருங்கோ!"

"மாடு இல்லாட்டிக் கன்று வாங்கிக் குடுக்கலாம், டீச்சர். பாசத்தை வாங்கிக் குடுக்க ஏலுமோ?" அவருக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டிருக்க வேண்டும், சிரித்தார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. துரையிடமும் போனேன். அறிக்கையில் உள்ளபடிதான் என்று அனுப்பிவிட்டார்.

மாதக் கடைசியில் கந்தப்பளையிலிருந்து மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் லொறியோடு வந்தார். செவலை ஏற மறுத்துக் காலை ஊன்றிக்கொண்டது. சண்முகவடிவு பின்னால் நின்று தள்ளினாள். "போ சனியனே! என் உசுர வாங்காதே, போ!" என்று அன்றும் ஏச்சுத்தான். லொறி வளைவில் திரும்பி மறையும்வரை வாய் ஓயவில்லை. அப்புறம் வெறும் பட்டியில், புல் போடும் கல்லில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த வட்டம் போட்ட அட்டைய வச்சிருக்கீங்களா டீச்சர்?"

பையில் இருந்தது.

"கேளுங்க. மொதல்ல இருந்து கேளுங்க. இப்ப அது எம் மாடு இல்ல. இனிமே நான் சொல்றதால அதுக்கு எவன் கண்ணும் படாது."

கேட்டேன். நான் முடிக்கும் முன்பே அவள் விரல் பெரிய வட்டத்தில் விழுந்தது. நேசிக்கிறீர்களா, பேசுவீர்களா, பிரிந்திருந்தால் தேடுவீர்களா? ஒவ்வொன்றுக்கும் அட்டை நசுங்கும்படி அழுத்தினாள். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்து நான் வாயைத் திறந்தபோது, அவள் தன் கையால் என் வாயைப் பொத்தினாள். கையில் இன்னும் மானாப்புல் வாசம் இருந்தது.

"அத மட்டும் கேக்காதீங்க டீச்சர். அது அங்கனயாச்சும் நல்லா இருக்கட்டும்."