இடது கையின் விலை

கொக்கியக்கா கம்பெனிக்குத் தர வேண்டிய கடன் சரியாக ஆறாயிரத்து நானூற்று முப்பத்தைந்து ரூபாய். வாங்கிச் சாப்பிட்ட கடனும் இல்லை, வட்டிக்கு எடுத்த கடனும் இல்லை. எல்லாம் ஒரு பொம்மையின் இடது கைக்கு.

நாலு மாடித் துணிக்கடை அது. வாசலை ஒட்டின ஆண்கள் பிரிவில் உயரத்தில் தொங்குகிற சட்டைகளைக் கொக்கிக் கம்பால் இறக்கித் தருவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஷட்டர் ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் நின்றபடிதான். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. வாடிக்கையாளர் வரும்போது வேலைக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதை இல்லையாம். மரியாதை கடைக்கு, வீக்கம் காலுக்கு என்று யார் பங்கு போட்டார்களோ தெரியாது.

அப்படி மரத்துப்போன காலோடு ஒரு நாள் சட்டையை இழுத்தாள். கொக்கி சட்டையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற பொம்மையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. கை தோளோடு பிய்ந்து தரையில் விழுந்து துண்டு துண்டானது. பொம்மை என்னவோ முன்பு போலவே சிரித்துக்கொண்டுதான் நின்றது.

மேனேஜர் சிரிக்கவில்லை.

"கை தனியா கடையில தொங்காதும்மா. சொல்லி வரவழைக்கணும். இந்த மாசத்துலேர்ந்து மூணு தவணையா உன் சம்பளத்துல பிடிச்சுக்கிறோம்."

"சார், என் கையே உடைஞ்சாக்கூடக் கட்டுப்போட இவ்வளவு ஆகாதே சார்."

"உன் கை என்ன கம்பெனி சொத்தா?"

வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனுஷனுக்கு மேல் வரிசைப் பல் எல்லாம் பிடுங்கியாகிவிட்டது. பொய்ப் பல்லுக்கு டாக்டர் அளவெடுத்துவிட்டார். மாசக் கடைசிக்குள் பணம் கட்டவில்லை என்றால் ஈறு சுருங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து அளவு, மறுபடி காசு. அதுவரைக்கும் கரைத்ததும் குழைத்ததும்தான் அவருக்குச் சாப்பாடு.

"கட்டின புருஷன் பொக்கை வாயோட திரியறேன். கடையில நிக்கிற அந்தக் கட்டைப் பயலுக்கு நீ கை வாங்கித் தர்றியா? அவன் என்ன உன் அத்தை மகனா?"

"அவன் நாள் பூரா என்கூட நிக்கிறான். உங்களை மாதிரி சாஞ்சு படுத்துக்கிட்டா வம்பு பேசறான்?" என்று சொல்லி வைத்தாளே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து, தலைமை ஆபீஸ் அம்மா நாளைக்குக் கடையைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. வாசல் கண்ணாடிக்குள் அஞ்சு பொம்மை நிற்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். முழுசாக இருப்பது நாலு.

"எதையாவது போர்த்தி அதையும் நிக்க வை. ஒண்ணு குறைஞ்சா என் தலைதான் உருளும்" என்றார் மேனேஜர்.

ஒரு வருஷமாக விலை போகாத கடுகு நிறக் கோட்டு ஒரு குவியல் கிடந்தது. தொலைந்தாலும் நஷ்டமில்லை என்று அதில் ஒன்றை எடுத்தாள். வலது கையை மட்டும் உள்ளே விட்டு, இடது பக்கத்தைச் சும்மா தோளில் போர்த்தி, வெறும் கோட்டுக்கையைப் பையில் செருகினாள். துணி சுருக்கித் தைக்கிற டெய்லரண்ணன் நாலு குண்டூசி குத்திக் கொடுத்துவிட்டு எட்ட நின்று பார்த்தார்.

"அக்கா, இவன் சொத்து பத்து உள்ளவன் மாதிரி நிக்கிறானே! கை இருந்தப்போ இந்த மிடுக்கு இல்லையே!"

மறுநாள் கடை திறந்ததும் ஒருத்தன் வந்தான். "வாசல்ல நிக்கிறாரே, அவர் போட்டிருக்கிற கோட்டு வேணும்." அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். மத்தியானத்துக்குள் குவியல் காலி. வாங்கினவன் எல்லாம் ஒரு கையை உள்ளே ஒளித்துக்கொண்டு, அடிபட்டவன் மாதிரி படி இறங்கிப் போனான்.

தலைமை ஆபீஸ் அம்மா கண்ணாடி முன்னால் நின்று போனில் படம் எடுத்தார்.

"யாரு யோசனை இது?"

கம்பைத் தோளில் சாய்த்தபடி நின்ற கொக்கியக்கா வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நான்தான் மேடம். அந்தக் கை இருந்தப்போ கோட்டு எடுப்பா விழல. ரெண்டு நாள் யோசிச்சு நானே கழட்டிட்டேன்."

"பிரமாதம். எல்லாக் கடையிலயும் இப்படியே கழட்டச் சொல்றேன்."

டெய்லரண்ணன் கொக்கியக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வேலை போயிடும், வாயை மூடிட்டு இருங்கக்கா." வேலை போனால் பல் மட்டுமா போகும்? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ரெண்டு நாள் யோசித்தாராமே!

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

"அப்புறம் வாம்மா."

"அம்மா இருக்கும்போதே கேட்டுடறேன் சார். நீங்க யோசிச்சுக் கழட்டின கைக்கு என் சம்பளத்துல ஆறாயிரத்து நானூத்து முப்பத்தஞ்சு பிடிக்கச் சொல்லியிருக்கீங்களே, அதுவும் உங்க யோசனைதானா?"

தலைமை ஆபீஸ் அம்மா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பொம்மையைப் பார்த்தார். கை உடைந்தது என்றால் சொன்னது பொய்; கழட்டினது என்றால் கடன் பொய்.

"அது வந்து மேடம்... கணக்குல ஏதோ தப்பு நடந்திருக்கு."

"அப்ப இப்பவே சரி பண்ணுங்க."

மேனேஜர் போனை எடுத்து, அந்த அம்மாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"கொக்கியம்மா பேர்ல இருக்கிற பொம்மைக் கைக் கணக்கை அடிச்சிடுய்யா."

"பாதியா சார், முழுசா?" என்று மேல்மாடியிலிருந்து கணக்கர் கேட்டார்.

மேனேஜர் போனை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "முழுசும்யா."

"சார், எனக்குச் சரியா காதுல விழல" என்றாள் கொக்கியக்கா. "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்களேன்."

"முழுசும் அடிச்சாச்சும்மா!" என்று போன் கத்தியது.