திருப்பிக் கொடுக்க வேண்டிய முட்டை

என் மாமனார் எவேலியோவின் வாயை அடைத்த ஒரே ஆள் அமெரிக்க ஜனாதிபதிதான். நானும் கல்யாணமான நாளிலிருந்து முயன்று பார்த்துத் தோற்றவள். ஜனாதிபதி எப்படி அடைத்தார் தெரியுமா? மனுஷன் கேட்டதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மியாமியை ஒட்டிய எங்கள் ஹயலியாவில் காபி ஜன்னல் இல்லாத தெரு கிடையாது. பேக்கரிச் சுவரில் ஒரு ஜன்னல், வெளியே ஒரு பலகை. பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, விரல் உயரக் கோப்பையில் சர்க்கரைக் காபி குடித்தபடி, எங்கள் கியூபாக் கிழவர்கள் மியாமியிலிருந்தே கியூபாவை ஆள்வார்கள். ஜன்னலுக்கு உள்ளே காபி ஊற்றுவது நான், மிக்தாலியா. வெளியே கத்துவது என் மாமனார். தினமும் காலையில் ரேடியோவுக்கு ஃபோன் போட்டுவிடுவார். "விமானத்தை நிறுத்துங்கய்யா! அந்தத் தீவுக்கு ஒரு ஈ கூடப் பறக்கக் கூடாது! நம்ம டாலர் போகப் போகத்தான் அவனுங்க ஆட்டம் போடுறானுங்க!" பக்கத்தில் அவருடைய கூட்டாளி நெஸ்தோர், "நல்லா உறைக்கிற மாதிரி கேளுடா!" என்று ஒத்து ஊதுவார்.

அந்தத் தீவில் மாமாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு உறவு. ஓல்கீன் ஊரில் இருக்கும் அக்கா சொராய்தா. என் கணவர் லியோனெலுக்கு அத்தை. அவள் பேரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. காரணம் ஒரு முட்டை.

1980-இல், தீவை விட்டுப் போகிறவர்கள் போகலாம் என்று அந்த அரசாங்கம் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. கூடவே, போகிறவர்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூட்டி முட்டை அடிக்கவும் ஆட்களை ஏவிவிட்டது. மாமா மனைவியையும் ஆறு வயது லியோனெலையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். முன்வரிசையில் சொந்த அக்கா நிற்கிறாள். பள்ளிக்கூட டீச்சர். கையில் முட்டை.

"எறிஞ்சா! என்னைப் பார்த்துக்கிட்டே எறிஞ்சா! தலைக்கு மேல கதவு நிலையில பட்டு உடைஞ்சு, மஞ்சக்கரு என் காலர்ல வழிஞ்சுது!" சொல்லும்போதெல்லாம் மாமா இன்னமும் காலரைத் துடைத்துக்கொள்வார். "என்னைக்காவது அவ முகத்துல முழிச்சேன்னா, அந்த முட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் முழிப்பேன். இது சத்தியம்."

அந்த ஒரு முட்டையை வைத்துக்கொண்டு அவர் ஜனாதிபதிகளுக்கெல்லாம் மார்க் போட்டார். புஷ் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. சொந்தக்காரர்களைப் பார்க்க மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் கியூபாவுக்குப் போகலாம். அதுவும் பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் என்று நெருங்கிய சொந்தம் மட்டும். அத்தை, சித்தி, சித்தப்பா எல்லாம் அதில் சேர்த்தி இல்லை. அப்போதுதான் லியோனெல் அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசையாகக் கிளம்பியிருந்தார். மாமாவுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

"பாத்தியாடா? அத்தைங்கிறது சொந்தமே இல்லையாம்! வாஷிங்டன்லயே சொல்லிட்டாங்க!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவர் காபியில் சர்க்கரையே போடவில்லை.

ஒபாமா வந்தார். அத்தை மறுபடியும் சொந்தமானாள். பிறகு ஓல்கீனுக்கே நேராக விமானமும் விட்டார்கள். மாமா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு துக்கம் அனுஷ்டித்தார். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. என் அம்மாவும் ஓல்கீனில்தான் இருக்கிறாள், ஆகவே வருஷா வருஷம் போனோம். போய்த் திரும்பியதும், அத்தை என்ன சொன்னாள் என்பதை நான் சமையலறைச் சுவரிடம் உரக்கச் சொல்வேன். மாமா டிவி சத்தத்தைக் கூட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "அவ இடுப்பு வலி எப்படி இருக்காம்?" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸ்பால் பார்க்கும்போது எவனாவது பந்தைத் தாறுமாறாக எறிந்தால் மாமாவுக்குப் பொறுக்காது. "இதெல்லாம் ஒரு கையா? சொராய்தா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பா! கொய்யா மரத்துல எந்தப் பழத்தைக் காட்டுறியோ, அந்தப் பழம்தான் விழும்!" என்று துள்ளுவார். பேரைச் சொன்னது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு சேனலை மாற்றிவிடுவார்.

2019-இல் டிரம்ப் அரசாங்கம் அந்த உத்தரவைப் போட்டது. தலைநகர் ஹவானாவைத் தவிர, கியூபாவில் எந்த ஊருக்கும் இனி அமெரிக்க விமானம் கிடையாது. டிசம்பரோடு சரி. காபி ஜன்னலில் திருவிழாதான். நெஸ்தோர் எல்லோருக்கும் கொய்யா பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். மாமா கோப்பையைத் தூக்கி, "வாழ்க!" என்றார். அப்புறம் சற்று யோசித்து, "ஓல்கீனுமா?" என்றார்.

"ஓல்கீனும்தான்! ஒண்ணு விடாம எல்லாம்! நீ கேட்டதுதானேடா!" என்று நெஸ்தோர் முதுகில் தட்டினார்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். நான் விடுவேனா?

"அத்தைக்கு எழுபத்தாறு வயசு. இடுப்பு போச்சு. ஒரு பகல் ஒரு ராத்திரி லாரியில உக்காந்து ஹவானாவுக்கு வர அவங்களால ஆகாது. உங்க நெஞ்சுவலியை வெச்சுக்கிட்டு நீங்களும் அவ்வளவு தூரம் போக முடியாது. இனிமே உங்கள்ல ஒருத்தர் போனா இன்னொருத்தருக்குச் சேதிதான் வரும். சந்தோஷமா மாமா?"

மாமா பஃப்ஸைத் தொடாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் ஜன்னலுக்கு வந்தார், காபி குடித்தார், ரேடியோவுக்கு மட்டும் ஃபோன் போடவில்லை. நெஸ்தோரும் என்னவோ அன்று சத்தமில்லாமல் இருந்தார். "என்கூட வந்துடுங்க மாமா, விமானம் ஓடுற கடைசி வாரம் போறேன்," என்று கெஞ்சிப் பார்த்தேன். "சத்தியம் பண்ணியிருக்கேன்ம்மா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு லியோனெலிடம், நெஸ்தோருக்குத் தெரியாமல் தனியாக மீன் பிடிக்கத் மியாமிக்குத் தெற்கே இருக்கும் குட்டித் தீவுகளுக்குப் போவதாகச் சொன்னாராம். போகட்டும் கிழம் என்று விட்டுவிட்டேன்.

நான் புறப்பட்ட அன்று மியாமி விமான நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. கியூபாவுக்குப் போகும் வரிசையை யாரும் காட்டித் தர வேண்டியதில்லை. பெட்டியை எடை போடுவார்கள், உடம்பில் இருப்பதைப் போட மாட்டார்கள். அதனால் அங்கே சொந்தங்களுக்கு வாங்கியதையெல்லாம், ஒரு கடையையே, எல்லோரும் உடுத்திக்கொண்டு நிற்போம். நான் மூன்று ஜீன்ஸும் நாலு சட்டையும் போட்டுக்கொண்டு, தலையில் இரண்டு தொப்பியோடு வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தொப்பிக் கோபுரம் நகர்ந்தது. வைக்கோல் தொப்பி மேல் வைக்கோல் தொப்பி, அதற்கு மேல் பேஸ்பால் தொப்பிகள். கோபுரத்துக்குக் கீழே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜோடிக் காது.

"மாமா?" என்றேன்.

கோபுரம் திரும்பவில்லை. திரும்பினால் சரிந்துவிடும். "எந்த மாமா? நீங்க யாரும்மா?" என்றது.

"மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னீங்க?"

"போறேன். அங்கேயும் கடல் இருக்குல்ல?"

"சரி, அங்க பொறந்தவங்களைக் கியூபா பாஸ்போர்ட் இல்லாம உள்ள விட மாட்டாங்களே, உங்களுக்கு ஏது? அது கைக்கு வரவே மாசக்கணக்காகுமே!"

"ஒபாமா இருக்கும்போதே எடுத்தேன்."

"அதை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணுமே!"

"புதுப்பிச்சேன்."

"ரேடியோவுல கத்திக்கிட்டேவா?"

"ரேடியோ வேற, பாஸ்போர்ட் வேற," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜன்னல்ல யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதேம்மா. நெஸ்தோருக்குத் தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்," என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வரிசையில் நாலு பேன்ட் போட்டு முழங்கால் மடங்காமல் ஒருவர் வந்து நின்றார். தலையில் இன்னொரு கோபுரம். சாட்சாத் நெஸ்தோர்! இரண்டு கோபுரங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

"நீ எங்கடா இங்க?" என்றார் மாமா.

"பல் டாக்டர்கிட்ட," என்றார் நெஸ்தோர்.

"விமானத்துலயா?"

"ஓல்கீன்ல இருக்குறவரு கைராசிக்காரராம்டா... சரி, பேரன் பொறந்திருக்கான். இப்பப் பார்க்கலேன்னா எப்பப் பார்க்குறது? சொல்லேன்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரு மாசத்துக்கு ஜன்னல் பலகையைத் துடைக்கணும். இல்லேன்னா ரேடியோவுக்கு நானே ஃபோன் போடுவேன்," என்றேன். உடனே சம்மதித்தார்கள்.

பாதுகாப்புச் சோதனையில் தொப்பிகளைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு கம்பளிக் குல்லா இருந்தது. அதிகாரி அதற்குள் கையை விட்டு எடுத்தார். முட்டை.

"அவிச்சதா?" என்றார்.

"பச்சை முட்டை. இது ஒருத்தங்களோடது. திருப்பிக் கொடுக்கணும்," என்றார் மாமா.

அதிகாரி தோளைக் குலுக்கி விட்டுவிட்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "நடக்க முடியாத பொம்பளை மேல முட்டை அடிக்கவா விமானம் ஏறுறீங்க? உங்களுக்கே நல்லாயிருக்கா?"

"சத்தியம்னா சத்தியம்," என்று குல்லாவை மாட்டிக்கொண்டார். விமானத்தில் சாய்ந்து உட்காரவில்லை, தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிக்கவில்லை. விமானம் ஆட்டம் கண்டபோது எல்லோரும் கைப்பிடியைப் பிடித்தார்கள், மாமா தலையைப் பிடித்தார். நான் அவரோடு பேசவில்லை.

ஓல்கீனில் இறங்கியதும், ஃபோட்டோவுக்குத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். மாமா கோபுரத்தைக் குல்லாவோடு தூக்கி என் கையில் கொடுத்தார். "தூங்குற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்க." விரலைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், சண்டை அங்கேயே உடைந்து ஒழுகிவிடும். சாய்க்கத்தான் நினைத்தேன். ஆனால் கேமரா முன்னால் மொட்டைத் தலையோடு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நிற்கிற பிள்ளை போல உதடு துடிக்க நின்றார் அவர். எனக்கு மனசு வரவில்லை. கோபுரத்தை ஆடாமல் பிடித்திருந்தேன்.

வெளியே கம்பிவேலிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் என் அம்மா. நான் கொண்டுவரும் மருந்தை வாங்கிக்கொள்ள வந்த அத்தை தம்பியை எதிர்பார்க்கவில்லை. மாமா அவள் எதிரே போய் நின்றார். தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவருக்கும் நேரம் தேவைப்பட்டது. கடைசியில் குல்லாவுக்குள்ளிருந்து முட்டையை எடுத்தார்.

"முட்டைடீ! முட்டையைக் கண்ணால பார்த்து எத்தனை நாளாச்சு!" என்று கூட்டத்தில் ஒரு பெண் கூவினாள்.

அத்தை முட்டையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். என் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். "எறியத்தானே கொண்டாந்தே? எறிடா."

"அன்னைக்கு நீ எறிஞ்சே," என்றார் மாமா.

"எறிஞ்சேன்."

"என்னைப் பார்த்துக்கிட்டே எறிஞ்சே."

"பார்த்துக்கிட்டேதான் எறிஞ்சேன். இப்ப நீ எறி."

எறிந்தார். அதை எறிதல் என்று சொல்ல முடியாது, முட்டை மெல்ல அவள் பக்கம் போனது, அவ்வளவுதான். அத்தையின் வலது கை மட்டும் காற்றில் எழுந்து, போகிற போக்கில் அதைத் தாங்கி, முட்டையோடு கீழே இறங்கியது. ஒரு கீறல் இல்லை. கூட்டம் பேஸ்பால் மைதானம் போல ஆர்ப்பரித்தது.

"எவேலியோ," என்றாள் அத்தை. "என் கை என்னைக்காவது குறி தப்பியிருக்காடா?"

"கொய்யா மரத்துல ஒரு தடவைகூட..." என்று ஆரம்பித்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"மூணு அடி தூரம். உன் மண்டை அப்பவே பூசணிக்காய் அளவு. எறியாம நின்னா எனக்கு வேலை போயிடும். உன் மேல பட்டா என் தம்பி போயிடுவான். அதான் கதவு நிலையைக் குறி பார்த்தேன். யாருக்குப் புரியலேன்னாலும் உனக்குப் புரியும்னு நெனச்சேன்டா, மடையா. என் கையைத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே?"

மாமாவின் கை தானாகக் காலருக்குப் போனது. பிறகு அவர் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். நெஸ்தோர் ஒரு புதுத் தொப்பியில் மூக்கைச் சிந்தினார். அத்தை மட்டும் முட்டையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"பாத்து, பாத்து, உடைச்சிடாதே!" என்று அதட்டினாள். "ஏன்டா, இத்தனை வருஷம் கழிச்சு வர்றவன், ஒரே ஒரு முட்டையா கொண்டாருவான்?"

ஊர் திரும்பிய மறுநாள், மாமா ஜன்னல் பலகையைத் துடைத்து முடித்ததும் ரேடியோவுக்கு ஃபோன் போட்டார். "ஓல்கீனுக்கு விமானத்தை நிறுத்தச் சொன்ன மடையன் எவன்?"

"ஐயா, தினமும் கேட்டது நீங்கதானே?" என்றார் நிகழ்ச்சிக்காரர்.

"நான் கேட்டா உடனே கொடுத்துடுறதா?"

அப்புறம் பைடன் வந்து, ரொம்ப யோசித்து, ஓல்கீனுக்கு மறுபடியும் விமானம் விட்டார். முதல் வாரத்திலேயே நாங்கள் கிளம்பினோம். மாமா தலையில் ஒரு தொப்பியும் இல்லை. மடியில் ஒரு முழு அட்டை முட்டையை வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.